எழுத்தும் கலியாணமும்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில், 1982ஆம் ஆண்டு உயர்தர வகுப்பினர் சார்பில் கண்டியில் ஆற்றப்பட்ட உரை)



ஒவ்வொரு வகுப்பும் தனக்குப் பிடித்த ஒரு பொருளைப் பற்றிப் பதினைந்து நிமிடம் பேசலாம் என்று நூற்றாண்டுக் குழு சொன்னது. எங்களுக்கு முன் பேசியவர்கள் விடுதிச் சாப்பாட்டைப் பற்றியும், வலைப்பந்து அணியைப் பற்றியும், மழைநாளில் வாவிக்கரையால் குடையில்லாமல் ஓடிவந்ததைப் பற்றியும் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்துவிட்டார்கள். நாங்கள் கலியாணத்தைப் பற்றிப் பேசப்போகிறோம்.

காரணம் இருக்கிறது. சங்கத்தின் செய்தித்தாள் வீட்டுக்கு வந்தால் நாம் முதலில் எந்தப் பக்கத்தைத் திருப்புகிறோம்? அதிபரின் செய்தியையா, கணக்கறிக்கையையா? 'கலியாணச் செய்திகள்' பக்கத்தைத்தான். யார், யாரை, எங்கே. இவ்வளவும் தெரிந்த பிறகுதான் மற்றவை. பழைய இதழ்களை இந்த விழாவுக்காகப் புரட்டிப் பார்த்தோம். முன்பெல்லாம் மாப்பிள்ளையின் உத்தியோகமும் எந்தத் தோட்டம், எந்தக் கந்தோர் என்பதும் வரும். பிறகு கட்டுக்கலைப் பிள்ளையார் கோவிலுக்கும் கண்டித் தேவாலயங்களுக்கும் பதிலாக லண்டன், மெல்பேர்ண், ரொறன்ரோ என்று ஊர்ப் பெயர்கள் வரத் தொடங்கின. 1983 ஜூலைக்குப் பிறகு நம்மில் எத்தனை பேர் எங்கெங்கே போய்ச் சேர்ந்தோம் என்பதை அந்தப் பக்கத்தை வைத்தே எழுதிவிடலாம். எங்கள் வகுப்பிலும் பாதிப்பேர் இப்போது கடல்கடந்து இருக்கிறார்கள்.

எங்கள் வகுப்பில் நடந்த ஒரு கலியாணம் மட்டும் அந்தப் பக்கத்தில் இல்லை. 2002இல் நடந்த கலியாணம். மூன்று வரி எழுதி அனுப்பினோம். அச்சாகவில்லை. ஏன் என்று யாரும் சொல்லவும் இல்லை. எங்கள் தோழி கலியாணம் செய்தது ஒரு பெண்ணை.

அவள் பெயரை இன்று சொல்லமாட்டோம். அது அவளுடைய விருப்பம். அவளுடைய உறவினர் இன்னும் கண்டியில் இருக்கிறார்கள். ஏன் இந்த எச்சரிக்கை என்பதைச் சற்றுப் பிறகு சொல்கிறோம். முதலில் கலியாணத்தைச் சொல்லவேண்டும். நல்ல கலியாணம் அது.

2002 ஆகஸ்ட் மாதம், ரொறன்ரோவின் ஸ்காபரோப் பக்கத்தில் ஒரு சிறிய மண்டபம். எங்கள் வகுப்பில் ஒன்பது பேர் போனோம். ஐந்து பேர் அங்கேயே இருப்பவர்கள், ஒருத்தி லண்டனிலிருந்து, ஒருத்தி மெல்பேர்ணிலிருந்து, இரண்டு பேர் கண்டியிலிருந்து. மணப்பெண் எங்கள் தோழி. மற்ற மணப்பெண் அல்பேர்ட்டா மாகாணத்தில் பிறந்த ஒரு தாதி. இருவரும் எட்டு வருடமாக ஒரே வீட்டில் இருந்தவர்கள். வாசலில் கோலம், நிறைகுடம், குத்துவிளக்கு எல்லாம் எங்கள் பொறுப்பு. அரிசிமாக் கோலம் போடத் தெரிந்தவள் எங்களில் ஒருத்திதான். சிங்கள வகுப்பில் படித்த இன்னொருத்தி அதிகாலையில் எழும்பிப் பாற்சோறு செய்தாள். மாலை மாற்றினார்கள், மோதிரம் மாற்றினார்கள். தாலி வேண்டாம் என்று இருவருமே முன்பே சொல்லிவிட்டார்கள். யார் யாருக்குக் கட்டுவது என்ற கேள்விக்கு அவர்களிடம் விடை இல்லை, அந்தக் கேள்வி வேண்டியும் இருக்கவில்லை. அட்சதை போட்டோம். அழுதோம். பிறகு சாப்பாடு.

எல்லோரும் ஒரே மனதோடு போனோம் என்று சொன்னால் அது பொய். எங்களில் ஒருத்தி தன் சமயத்தில் இதற்கு இடமில்லை என்று வெளிப்படையாகச் சொன்னாள். சடங்குக்கு வரமாட்டேன் என்றாள். ஆனால் மாலையில் வந்து, பந்தியில் பரிமாறி, பாத்திரம் கழுவி முடித்துத்தான் போனாள். வேறொருத்தி வரவேயில்லை, ஆனால் தோழிக்கு ஒரு காஞ்சிபுரம் சேலை அனுப்பியிருந்தாள். இப்படித்தான் பள்ளிக்கூடத்துச் சிநேகிதம் வேலை செய்கிறது. கொள்கையில் ஒத்துப்போகாதவர்களும் வேலைக்கு வந்துவிடுவார்கள்.

அந்த மண்டபத்தில் இல்லாமல் இருந்தது ஒன்றே ஒன்று: எழுத்து. விவாகப் பதிவாளர் இல்லை, பதிவுப் புத்தகம் இல்லை. கனடாவில் அன்று இரண்டு பெண்களுடைய கலியாணத்தைப் பதிய வழி இருக்கவில்லை.

ஆனால் வழி திறக்கும் அறிகுறி இருந்தது. அதே ரொறன்ரோவில், 2001 ஜனவரி 14ஆம் திகதி, மெட்ரோபொலிற்றன் சமுதாயத் தேவாலயத்தில் வணக்கத்துக்குரிய பிறென்ற் ஹோக்ஸ் இரண்டு சோடிகளுக்குக் கலியாணம் செய்துவைத்தார். கெவின் பூராசா, ஜோ வார்னெல் என்ற இரண்டு ஆண்கள். எலெய்ன், ஆன் வோத்தூர் என்ற இரண்டு பெண்கள். அரசாங்கம் அவர்களுக்கு அனுமதிப்பத்திரம் கொடுக்காது. ஆனால் ஒன்ராறியோவின் சட்டத்தில் பழைய வழியொன்று இருந்தது. நம் கண்டியில் கிறிஸ்தவப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்த வழி: தேவாலயத்தில் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பது. இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம் நடக்கவிருக்கிறது, தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சபைக்கு முன் அறிவிப்பது. 2000 டிசம்பரில் அப்படி ஓலை வாசித்தார்கள். எதிர்ப்புச் சொன்னவர்களும் இருந்தார்கள். மிரட்டல்கள் வந்ததால் போதகர் அங்கிக்குள்ளே குண்டு துளைக்காத சட்டை போட்டுக்கொண்டு பீடத்தில் நின்றார். கலியாணம் நடந்தது. ஆனால் மாகாணப் பதிவாளர் அதைப் பதிய மறுத்துவிட்டார்.

வழக்குப் போனது. 2002 ஜூலையில் ஒன்ராறியோ நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது, ஆனால் சட்டத்தைத் திருத்த அரசுக்கு இரண்டு வருடம் தவணை கொடுத்தது. எங்கள் தோழியின் கலியாணம் அதற்கு அடுத்த மாதம். "இரண்டு வருடம் பொறுத்தால் என்ன?" என்று எங்களில் ஒருத்தி கேட்டாள். "எட்டு வருடம் பொறுத்தது காணும்" என்றாள் அவள்.

இரண்டு வருடம் பொறுக்க வேண்டியிருக்கவில்லை. 2003 ஜூன் 10ஆம் திகதி ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றம் தவணையை நீக்கி, தீர்ப்பு அன்றைக்கே நடைமுறைக்கு வருகிறது என்றது. தேவாலயத்தில் நடந்த அந்த இரண்டு கலியாணங்களையும் பதியும்படியும் உத்தரவிட்டது. பதிந்தபோது 2001 ஜனவரி 14 என்ற திகதியிலேயே பதிந்தார்கள். உலகத்தில் முதன்முதலாக நெதர்லாந்து நாட்டில் சட்டம் வந்து கலியாணம் நடந்தது 2001 ஏப்ரல் 1ஆம் திகதி. ஆகவே, திகதிப்படி பார்த்தால் ரொறன்ரோக் கலியாணங்கள் அதற்கும் முந்தியவை. எங்கள் தோழியும் துணைவியும் அந்த 2003 கோடையில் நகர மண்டபத்துக்குப் போய் எழுத்தை முடித்தார்கள். எங்கள் வகுப்பில் இரண்டு பேர் சாட்சிக் கையொப்பம் இட்டார்கள்.

அதன் பிறகும் துணைவியின் சொந்த மாகாணமான அல்பேர்ட்டாவில் அப்படிப்பட்ட கலியாணத்தைச் செய்ய முடியாமல் இருந்தது. கனடா முழுவதற்கும் ஒரே சட்டம் வந்தது 2005 ஜூலை 20ஆம் திகதி.

இப்போது ஒரு கேள்வி. அவர்கள் தங்கள் கலியாண நாளை எப்போது கொண்டாடுகிறார்கள்? 2003இல் எழுத்து முடிந்த நாளிலா? 2005இல் நாடு முழுவதும் ஒத்துக்கொண்ட நாளிலா? ஆகஸ்டில்தான். கோலம் போட்ட நாளில். இதைக் கேட்டு வெள்ளைக்காரர் ஆச்சரியப்படலாம். நமக்கு இதில் ஆச்சரியமே இல்லை. எழுத்து ஒருநாள், கலியாணம் ஒருநாள் என்பது நம் வீடுகளில் சாதாரணம். விசாவுக்காக எழுத்தை முடித்துவிட்டு, தாலிகட்டு வரும்வரைக்கும் பெண் தாய்வீட்டிலேயே இருப்பாள். "எழுத்து முடிஞ்சுது, கலியாணம் தை மாதம்" என்று சொல்லுவோம். எழுத்து அரசாங்கத்துக்கு. கலியாணம் ஊருக்கு. இரண்டும் வேண்டும், ஆனால் இரண்டும் ஒன்றில்லை என்று தமிழ்ச் சனத்துக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

கண்டி மண்ணுக்கு இது இன்னும் நன்றாகத் தெரியும். இந்த ஊரில் சனத்தின் கலியாணமும் சட்டத்தின் கலியாணமும் நூறு வருடத்துக்கு மேலாக ஒன்றையொன்று துரத்திக்கொண்டிருந்தன. பழைய கண்டி இராச்சியத்தில் கலியாணம் குடும்பங்களின் காரியம். பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போனால் தீக, மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்தால் பின்ன. சகோதரர்கள் சேர்ந்து ஒருத்தியை மணந்து ஒரே வீட்டில் வாழும் வழக்கமும் இருந்தது. வெள்ளைக்காரர் 1859இல் ஒரு கட்டளைச் சட்டம் கொண்டுவந்தார்கள். ஒருத்திக்கு ஒருவன்தான், பதிந்தால்தான் கலியாணம் என்றார்கள். சனம் என்ன செய்தது? பெருந்தொகையானோர் பழையபடியே கலியாணம் செய்தார்கள், பதியவில்லை. ஊருக்குமுன் கணவன் மனைவி. சட்டத்துக்குமுன் யாருமில்லை. பிள்ளைகளுக்குச் சட்டப்படி தகப்பன் இல்லை, காணி உரிமை சிக்கல். 1870இல் சட்டத்தைத் திரும்பவும் திருத்த வேண்டிவந்தது. இன்றைக்கும் 1952ஆம் ஆண்டின் கண்டிய விவாகச் சட்டத்தின்படி பதியாத கண்டியக் கலியாணம் செல்லாது. ஆனால் அதே நாட்டில், பொதுச் சட்டத்தின் கீழ் வரும் தமிழர் முறைப்படி சடங்கு செய்து, ஊரறியக் கணவன் மனைவியாக வாழ்ந்திருந்தால், எழுத்து இல்லாவிட்டாலும் நீதிமன்றங்கள் அதைக் கலியாணமாக ஏற்றிருக்கின்றன. பக்கத்து வீட்டுக்காரரின் சாட்சியம் போதுமாக இருந்திருக்கிறது.

எங்கள் வகுப்பில் ஹந்தானைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வந்த தோழிகளும் இருந்தார்கள். அவர்களுடைய வீடுகளில் கலியாணக் காகிதம் வேறொரு கதை. 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்து மலையகத் தமிழரை நாடில்லாதவர்களாக்கியது. 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டத்தின் கீழ் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பிக்கலாம் என்றார்கள். கலியாணம் செய்தவருக்கு ஏழு வருட வதிவு, செய்யாதவருக்குப் பத்து வருட வதிவு காட்டவேண்டும். அதாவது, தோட்டத்து மாரியம்மன் கோவிலில் கட்டிய தாலிக்கு மூன்று வருடப் பெறுமதி. ஆனால் அதைக் காட்டக் காகிதம் வேண்டும். அங்கே பாட்டனும் பாட்டியும் கணவன் மனைவி என்பது முழு லயத்துக்கும் தெரியும், கச்சேரிக்குத்தான் தெரியாது. 1964இல் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் வந்து தலைகளை எண்ணிப் பிரித்தது. இந்தக் கணக்கு ஓரளவுக்கு முடிய 2003ஆம் ஆண்டின் சட்டம் வரைக்கும் ஆனது.

இவற்றை எல்லாம் ஒரே தட்டில் வைக்கக்கூடாது என்று சிலர் சொல்லக்கூடும். ஒன்றுக்கொன்று சமம் என்று நாங்களும் சொல்லவில்லை. நாங்கள் சொல்வது இவ்வளவுதான்: சட்டம் வரும்வரைக்கும் ஒரு கலியாணத்தைக் காப்பாற்றி வைத்திருப்பது அதற்கு வந்துபோன சனம். "நான் போனேன், சாப்பிட்டேன், இவர்கள் சோடி" என்று சொல்ல ஆட்கள் இருந்தால் அந்தக் கலியாணம் நிற்கும். நாளைக்குச் சட்டம் வரும்போது, கேட்கப்படுகிற சாட்சியும் அவர்கள்தான்.

அதேநேரம், எழுத்துத் தேவையில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கொண்டாட்டம் ஒருநாள் வேலை. எழுத்து மற்ற எல்லா நாட்களுக்கும். ஆசுப்பத்திரியில் அவசர சிகிச்சைப் பிரிவுக்குள் யார் போகலாம், சத்திரசிகிச்சைக்கு யார் கையொப்பம் வைக்கலாம், வீட்டின் உறுதி யாருக்கு, ஓய்வூதியம் யாருக்கு, விசாப் படிவத்தில் 'உறவுமுறை' என்ற பெட்டிக்குள் என்ன எழுதுவது? எங்கள் தோழியின் துணைவி சில வருடங்களுக்கு முன் கடுமையாக நோயுற்றபோது ரொறன்ரோ ஆசுப்பத்திரியில் யாரும் எங்கள் தோழியை வெளியே நிற்கச் சொல்லவில்லை. 2003இல் வைத்த கையொப்பத்தின் பலன் அது. அதே நோய் விடுமுறைக்குக் கண்டி வந்திருந்தபோது வந்திருந்தால், சட்டப்படி அவள் 'சிநேகிதி' மட்டும்தான்.

இங்கே சட்டம் என்ன சொல்கிறது என்பதை எல்லோரும் அறிந்துவைத்திருப்பது நல்லது. நமது தண்டனைச் சட்டக் கோவை 1883ஆம் ஆண்டு வெள்ளைக்காரர் எழுதியது. அதன் 365ஆம் பிரிவு இயற்கைக்கு மாறான உறவு என்று சொல்லிப் பத்து வருடம் வரை சிறை வைக்கிறது. 365அ பிரிவு இரண்டு வருடம் வரை. இந்த இரண்டாவது பிரிவு தொடக்கத்தில் ஆண்களை மட்டும் சொன்னது. 1995இல் திருத்தம் செய்தபோது, நீக்குவதற்குப் பதிலாக, 'ஆண்' என்ற சொல்லை 'ஆள்' என்று மாற்றினார்கள். அன்றிலிருந்து பெண்களும் அதற்குள் வந்துவிட்டார்கள். நாங்கள் உயர்தரம் எழுதியபோது எங்கள் தோழி அந்தப் பிரிவின்படி குற்றவாளியல்ல. பதின்மூன்று வருடம் கழித்து ஆக்கப்பட்டாள். அவள் பெயரை ஏன் சொல்லவில்லை என்று இப்போது விளங்கும்.

இது நம் பண்பாடு இல்லை, மேல்நாட்டிலிருந்து வந்தது என்று அடிக்கடி சொல்லப்படுகிறது. மேல்நாட்டிலிருந்து கப்பலில் வந்தது என்று திகதியோடு காட்டக்கூடியது அந்தச் சட்டம்தான். ஆணோடு ஆணும் பெண்ணோடு பெண்ணும் அன்பாக இருப்பதற்குக் கப்பல் தேவைப்படவில்லை. நம் விடுதியில் இருந்த அக்காமார் சிலர் இப்போது சிரிப்பது தெரிகிறது.

இந்தச் சட்டத்தை மாற்றப் பாடுபட்டவர்களும் இங்கே இருக்கிறார்கள். ரொசானா பிளேமர் கல்டேரா என்ற பெண்மணி 2004இல் ஈக்குவல் கிரவுண்ட் என்ற அமைப்பைத் தொடங்கினார். அவர் கொண்டுபோன முறைப்பாட்டில், பெண்களுக்கு எதிரான பாரபட்சங்களை ஒழிக்கும் ஐக்கிய நாடுகள் குழு 2022இல் இலங்கையின் இந்தச் சட்டம் பெண்களின் உரிமையை மீறுகிறது என்று கூறியது. பாராளுமன்ற உறுப்பினர் பிரேம்நாத் தொலவத்த இந்தப் பிரிவுகளைத் திருத்தத் தனிநபர் சட்டமூலம் கொண்டுவந்தார். அது அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று நமது உயர் நீதிமன்றம் 2023 மே மாதம் தீர்மானித்தது. ஆனால் நிறைவேறுமுன் 2024 செப்ரெம்பரில் பாராளுமன்றம் கலைந்தது, சட்டமூலமும் அதோடு போயிற்று. கலியாணம் பற்றிய பேச்சு இங்கே இன்னும் தொடங்கவேயில்லை. முதல்படியிலேயே நிற்கிறோம்.

அடுத்த வீடான இந்தியா ஒருபடி மேலே நிற்கிறது. 2018 செப்ரெம்பர் 6ஆம் திகதி அங்கே இது குற்றமென்பது நீங்கியது. ஆனால் கலியாண உரிமை கேட்டுப் போனபோது, 2023 ஒக்ரோபர் 17ஆம் திகதி அவர்களுடைய உச்ச நீதிமன்றம், அது சட்டமன்றத்தின் வேலை என்று கைவிரித்தது. எழுத்து இல்லை. ஆனால் கலியாணங்கள் நடக்கின்றன. 2022 ஆகஸ்ட் 31ஆம் திகதி சென்னையில், கனடாவில் வாழும் தமிழ்ப் பெண் சுபிக்ஷா சுப்பிரமணியும் வங்காளதேசத்துப் பெண் டினா தாசும் தமிழ்ப் பிராமண முறைப்படி மணம் செய்தார்கள். இருவரும் தத்தம் தகப்பன் மடியில் உட்கார, ஐயர் மந்திரம் சொன்னார். அந்தப் படங்கள் உலகமெல்லாம் போயின. கனடாவில் அவர்களுக்கு எழுத்துக்குத் தடை எதுவும் இல்லை. ஆனாலும் சட்டத்தில் இடமில்லாத சென்னைக்கு வந்து ஏன் செய்தார்கள்? அங்கேதான் சொந்தக்காரர் இருக்கிறார்கள். காகிதத்தைக் கனடா கொடுக்கும், அட்சதை போடச் சித்தியும் மாமியும் வேண்டுமே.

2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் இன்னொரு நல்ல வார்த்தை சொன்னது. பெற்றோரால் பிரிக்கப்பட்ட இரண்டு பெண்களின் வழக்கு அது. குடும்பம் அமைக்கக் கலியாணம் ஒன்றே வழியல்ல, ஒருவர் தாமே தெரிந்தெடுத்த குடும்பமும் குடும்பம்தான் என்று நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதனும் வி. லட்சுமிநாராயணனும் கூறினார்கள். இதைப் படித்தபோது எங்களுக்கு விடுதி ஞாபகம்தான் வந்தது. பத்து வயதில் பெட்டியோடு வந்து இறங்கியவர்களுக்குத் தெரிந்தெடுத்த குடும்பம் என்றால் என்னவென்று யாரும் விளக்கத் தேவையில்லை.

மீண்டும் 2002க்கு வருகிறோம். நம் நாட்டுக் கலியாணத்தில் கேக் துண்டு கொடுக்காமல் யாரையும் அனுப்புவதில்லை. ரொறன்ரோவிலும் அப்படியே செய்தார்கள். கண்டியிலிருந்து போன எங்கள் இருவரிடமும் இருபத்திநான்கு துண்டுகளைச் சுற்றித் தந்து, வகுப்புப் பிள்ளைகளுக்குக் கொடுக்கச் சொன்னார்கள். பெட்டிக்குள் நசுங்காமல் கொண்டுவந்து வீடு வீடாகப் போனோம். கட்டுகஸ்தோட்டை, பேராதனை, அம்பிட்டிய, மாத்தளை வரைக்கும். யாருடைய கேக் என்று சொல்லித்தான் கொடுத்தோம். இரண்டு வீட்டில் வாங்கவில்லை. மற்ற வீடுகளில் வாங்கினார்கள், சிலர் கேள்வி கேட்டார்கள், சிலர் கேட்காமலே பிளேன்ரீ ஊற்றித் தந்தார்கள்.

கடைசித் துண்டு தோழியின் அம்மாவுக்கு. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கண்டியில் முப்பது வருடம் படிப்பித்தவர். மகளின் கலியாணத்துக்கு அவர் போகவில்லை, வாழ்த்தும் அனுப்பவில்லை. கொடுப்பதா விடுவதா என்று வாசலில் நின்று கதைத்தோம். கொடுத்தோம். கொஞ்ச நேரம் கையில் வைத்துப் பார்த்தார். பிறகு கேட்டார்: "ஆர் ஆர் வந்தவை? சாப்பாடு எல்லாருக்கும் காணுமா இருந்துதோ?" இருந்தது என்றோம். ஒவ்வொருவராகப் பெயர் சொன்னோம். கேட்டுக்கொண்டார். கேக்கை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். அதற்குப் பிறகு அவர் கனடா போக மூன்று வருடம் ஆனது. ஆனால் போனார். மகளின் வீட்டிலேயே இரண்டு குளிர்காலம் இருந்தார்.

வந்தவர் யார் என்றுதான் ஒரு தாய் முதலில் கேட்டார். பதிவாளர் வந்தாரா என்று கேட்கவில்லை. மகள் தனித்து நிற்கவில்லை என்று அறிய விரும்பினார். நாங்கள் போனதன் பெறுமதி அன்றைக்குத்தான் எங்களுக்கு முழுதாக விளங்கியது.

ஆகவே, நூற்றாண்டு காணும் நம் சங்கத்திடம் எங்கள் வகுப்பு மூன்று விடயங்களைக் கேட்கிறது.

முதலாவது, கலியாணச் செய்திகள் பக்கம் எல்லா மாணவிகளுக்கும் உரியதாக இருக்கட்டும். ஒரு பழைய மாணவி தன் கலியாணத்தை அறிவிக்கக் கேட்டால், துணை ஆணா பெண்ணா, எழுத்து முடிந்ததா இல்லையா என்று பார்க்காமல் அறிவிப்போம். எந்தச் சமயத்தவரையும் அவரவர் தேவாலயத்திலோ கோவிலிலோ பள்ளிவாசலிலோ விகாரையிலோ எதையும் மாற்றும்படி இது கேட்கவில்லை. நம் செய்தித்தாள் நம்முடையது.

இரண்டாவது, அவளே கேட்டால் மட்டும். கேட்காமல் யாருடைய பெயரையும் யாரும் சொல்லக்கூடாது. வாட்சப் குழுவிலும் கூடாது. 365அ பிரிவு இருக்கும்வரைக்கும் ஒரு பெயர் தவறான கைக்குப் போனால் வேலை போகலாம், வீடு போகலாம், பொலிஸ் வாசலுக்கு வரலாம். மகிழ்ச்சியாகச் சொல்லும் செய்தியும் காட்டிக்கொடுப்பதாகிவிடும். சந்தோசத்தைவிடப் பாதுகாப்பு முந்த வேண்டும்.

மூன்றாவது, அழைப்பு வந்தால் போங்கள். மனம் முழுதாக ஒத்துக்கொள்ளாவிட்டாலும் பந்திக்காவது போங்கள். எங்கள் வகுப்பில் பாத்திரம் கழுவியவளை எங்கள் தோழி இன்றைக்கும் மறக்கவில்லை. இங்கே இப்போது படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளிலும் அப்படி ஒருத்தி இருப்பாள். எங்கள் தோழிக்குத் தன்னைப் போல வேறு யாரும் இந்த உலகத்தில் இல்லை என்றுதான் பதினேழு வயதில் தோன்றியதாம். இன்றைக்கு இந்த மண்டபத்தின் பின்வரிசையில் இருக்கும் பிள்ளைக்கு அப்படித் தோன்றாதிருந்தால் நாங்கள் பேசியது போதும்.

முடிக்குமுன் ஒரு மகிழ்ச்சியான செய்தி. எங்கள் முதல் வேண்டுகோளை நூற்றாண்டு மலர்க் குழு ஏற்றுக்கொண்டிருக்கிறது. தோழியும் துணைவியும் பார்த்துச் சம்மதித்த வாசகம் இம்மலரின் கலியாணச் செய்திகள் பக்கத்தில் வருகிறது. 2002இல் அனுப்பிய அதே மூன்று வரி, பெயர் மட்டும் இல்லாமல்:

1982 உயர்தர வகுப்பு மாணவி ஒருவருக்கும் அவரது துணைவிக்கும் 2002 ஆகஸ்ட் மாதம் ரொறன்ரோவில் திருமணம் இனிதே நடைபெற்றது. வகுப்புத் தோழியர் ஒன்பது பேர் கலந்து வாழ்த்தினர். சங்கத்தின் வாழ்த்துக்கள்.

கடைசி வாக்கியத்துக்கு எங்கள் நன்றி.